நெப்போலியன் படையும் காவிரி நீரும்: திரும்ப வரைந்து கற்றவை

எண்களையும் தகவலையும் படமாக்கிக் காட்டும் இன்ஃபோகிராபிக் பழக வருகிறவர்களில் பெரும்பாலானோர் கையில் ஒரு தொகுப்பு இருக்கும். பின்ட்ரெஸ்ட், பிஹான்ஸ் போன்ற படத் தளங்களில் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. வேலை என்று ஒன்று வந்ததும் அதைத் திறந்து, கண்ணுக்கு அழகாகத் தெரிகிற ஒன்றை எடுத்து, கையிலிருக்கும் எண்களை அதற்குள் அடைப்பார்கள். நடுவில் ஒரு பல்பு, சுற்றிலும் ஆறு வட்டம் என்று டிசைன் இருந்து, தகவல் ஐந்துதான் இருந்தால், ஆறாவதைத் தேடிக் கூகுளில் அலைவார்கள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்கள் மேசையிலேயே நடந்திருக்கிறது.

நல்ல டிசைனைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் வெறுமனே பார்ப்பதால் கைக்கு வருவது ரொம்பக் குறைவு. தமிழ் நாளிதழ் ஒன்றின் கிராபிக்ஸ் பிரிவில் பல வருடம் இருந்திருக்கிறேன். அங்கே எனக்கு நிஜமாகவே கைகொடுத்தது ஒரே ஒரு பழக்கம். பெயர்பெற்ற பழைய வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்வேன். அதிலுள்ள எண்களை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு, படத்தை மூடிவிட்டு, நானாக வரைவேன். முடித்த பிறகு அசலைத் திறந்து பக்கத்தில் வைப்பேன். இரண்டும் எங்கெல்லாம் வேறுபடுகிறதோ, அங்கெல்லாம் அந்த மனிதர் ஏதோ ஒரு முடிவு எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அந்த முடிவு தெரியவே தெரியாது. சரியாக எடுத்த முடிவு, வேறெப்படியும் இருந்திருக்க முடியாது என்பதுபோலத்தான் தோன்றும்.

எல்லோரும் சொல்கிற மினார் வரைபடத்திலிருந்துதான் நானும் தொடங்கினேன். சார்ல் ஜோசஃப் மினார் பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர், 1781-இல் பிறந்தவர். நெப்போலியன் 1812-இல் ரஷ்யா மீது படையெடுத்த கதையை அவர் ஒரே தாளில் வரைந்து வெளியிட்டது 1869 நவம்பரில். அப்போது அவருக்கு வயது 88. அன்றைய ரஷ்ய எல்லையிலிருந்த நீமென் ஆற்றைக் கடந்த படை தடித்த பட்டையாகத் தொடங்கி, மாஸ்கோ நோக்கிப் போகப் போக மெலிந்துகொண்டே வரும். திரும்பி வருவது கருப்புப் பட்டை. அதற்குக் கீழே, குளிர் எவ்வளவு என்று காட்டும் ஒரு கோடு. அவ்வளவுதான் படம்.

எண்களை எழுதிக்கொண்டேன். நீமென் கரையில் 4,22,000 பேர். மாஸ்கோவில் 1,00,000. திரும்பி வந்து ஆற்றைக் கடந்தது 10,000. அளவையும் மினாரே தாளில் எழுதியிருக்கிறார்: பத்தாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர். ஆக, பட்டையின் அகலம் தொடக்கத்தில் 42 மில்லிமீட்டர், மாஸ்கோவில் 10, கடைசியில் வெறும் 1. இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் ஸ்ட்ரோக் அளவை, அதாவது கோட்டின் தடிமனை, மில்லிமீட்டரில் வைத்துக்கொண்டால் துண்டு துண்டாக அப்படியே போட்டுவிடலாம். திரும்பும் வழியில் பெரெசினா ஆற்றுக்கு இந்தக் கரையில் 50,000, அந்தக் கரையில் 28,000. ஐந்து மில்லிமீட்டர் கோடு ஒரே ஓர் ஆற்றைத் தாண்டியதும் 2.8 ஆகிறது. அசலைப் பலமுறை பார்த்திருந்தும் அந்த இடம் என் கண்ணில் பட்டதில்லை. 2.8 என்று தட்டச்சு செய்யும்போதுதான் உறைத்தது.

இன்னொன்றும் வரையும்போதுதான் தெரிந்தது. ரஷ்யாவின் குளிர்தான் நெப்போலியன் படையைத் தின்றது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். பட்டையைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். போகும் வழியில் 22,000 பேரும் 60,000 பேரும் கிளைகளாகப் பிரிந்து போகிறார்கள். அவர்களைக் கழித்தால் மீதி 3,40,000. மாஸ்கோ போய்ச் சேர்ந்தது ஒரு லட்சம். அதாவது இந்தப் படத்தின் கணக்குப்படி, போகும்போதே 2,40,000 பேர் குறைந்துவிட்டார்கள். திரும்பும் வழியில், கிளைகளிலிருந்து வந்து சேர்ந்தவர்களையும் கூட்டினால், குறைந்தவர்கள் 1,26,000 பேர். மினார் குளிரின் கோட்டைத் திரும்பும் பயணத்துக்கு மட்டும்தான் போட்டிருக்கிறார். அதனால் கண் அங்கேயே போய் நிற்கிறது. பெரிய இழப்பு மேலே தடித்த பட்டையில் அமைதியாகக் கிடக்கிறது. படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எதற்குப் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதே வாசகரை ஒரு பக்கம் இழுத்துவிடும். அதன் பிறகு இரண்டு விவரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதெல்லாம், ஒன்று மற்றதற்குக் காரணம் என்று வாசகர் நினைத்துக்கொள்வாரா, அப்படி நினைத்தால் அது சரியா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தாளின் ஓரத்தில் மினார் எழுதிய குறிப்பைப் பலரும் படிப்பதில்லை. எந்தெந்த நூல்களிலிருந்து எண்களை எடுத்தார், படையோடு போன மருந்தாளர் ஒருவரின் நாட்குறிப்பைப் பயன்படுத்தினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைவிட முக்கியமான வரி ஒன்று உண்டு. நெப்போலியனின் தம்பி ஜெரோமும் தளபதி தவூவும் நடத்திய பிரிவுகள் நடுவில் பிரிந்து போய் மறுபடி சேர்ந்தன; ஆனால் அவை எப்போதும் பிரதான படையோடுதான் இருந்தன என்று வைத்துக்கொண்டே வரைந்திருக்கிறேன் என்கிறார். படம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக எதைச் சுருக்கினேன் என்று படத்திலேயே சொல்லிவிடுகிறார். நம் ஊரில் கிராபிக்ஸுக்குக் கீழே ‘ஆதாரம்’ என்று ஒரு வரி போடுவதோடு சரி. எதை விட்டோம், எதை ஒன்றாகச் சேர்த்தோம் என்று இன்னொரு வரி போட இடம் இல்லாமலா போய்விடும்?

இந்தப் பயிற்சி வேலையில் நேரடியாகக் கைகொடுத்தது காவிரி விஷயத்தில். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மொத்தம் 740 டி.எம்.சி. நீரில் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, மீதி 14 சுற்றுச்சூழலுக்கும் கடலுக்கும். செய்தி ஆசிரியர் “அட்டவணை போட்டாப் போதாதா?” என்றார். போதும்தான். ஆனால் வாசகர் குழம்புகிற இடம் அட்டவணையில் வராது. கர்நாடகம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் விட வேண்டியது 177.25 டி.எம்.சி. தமிழ்நாட்டின் பங்கான 404.25-இல் பாதிக்கும் மேலே எல்லைக்கு இந்தப் பக்கத்து நீர். டீக்கடைப் பேச்சில் இந்த இரண்டு எண்களும் மாறி மாறி அடிபடும். 404 கேட்டோம், 177 தருகிறார்கள் என்றே பலர் புரிந்துகொண்டிருந்தார்கள்.

மினார் வழியிலேயே போனேன். 10 டி.எம்.சி.க்கு ஒரு மில்லிமீட்டர். எல்லையைத் தாண்டி வரும் நீர் 17.7 மில்லிமீட்டர் பட்டை. தமிழ்நாட்டுக்குள் பவானி, அமராவதி, நொய்யல் எல்லாம் வந்து சேரச் சேர அது 40 மில்லிமீட்டராக அகலமாகிறது. நெப்போலியன் படை போகப் போக மெலிந்தது. காவிரி வர வரப் பெருக்கிறது. துணையாறு ஒவ்வொன்றுக்கும் எண் கையில் இல்லாததால் அவற்றைத் தனித்தனிப் பட்டையாக்கவில்லை. மொத்தமாக ஒரே சேர்க்கையாகக் காட்டி, அப்படிக் காட்டியிருக்கிறோம் என்று கீழே எழுதினேன். புதுச்சேரிதான் சிக்கல். 0.7 மில்லிமீட்டர் என்பது இரண்டு பாயின்ட் கோடு. செய்தித்தாளில் நாலு வண்ணமும் ஒன்றன் மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் கொஞ்சம் ரிஜிஸ்டர் விலகினால் அது இருந்த இடமே தெரியாது. கொஞ்சம் தடிமனாகப் போட்டுவிடலாமே என்று கை துறுதுறுக்கும். தடிமனைத் தொட்டால் பக்கத்திலுள்ள 40 மில்லிமீட்டரும் பொய்யாகிவிடும். கோட்டை ஒரே மையில், முழு அடர்த்தியில் விட்டுவிட்டு, பெயரைப் பெரிதாகப் போட்டு அம்புக்குறி வைத்தோம்.

அடுத்து ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் எதனால் செத்தார்கள் என்று அவர் 1858-இல் வெளியிட்ட சக்கர வடிவப் படத்தை டிசைனர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நீலம் தடுத்திருக்கக் கூடிய நோய்களுக்கு, சிவப்பு போர்க் காயத்துக்கு, கருப்பு மற்றவற்றுக்கு. மாதத்துக்கு ஒரு துண்டு. மாத வாரியான கணக்கு இன்றும் கிடைக்கிறது. 1855 ஜனவரியை மட்டும் எடுத்துக்கொள்வோம்: நோயால் 2,761 பேர், காயத்தால் 83 பேர், மற்றவை 324.

நோய்க்கான துண்டுக்கு 10 செ.மீ. ஆரம் வைத்தால் காயத்துக்கு எவ்வளவு? சட்டென்று 3 மில்லிமீட்டர் என்று சொல்லத் தோன்றும். 33 மடங்கு குறைவு, ஆரமும் 33 மடங்கு குறைவு. அப்படி வரைந்தால் பரப்பளவில் வித்தியாசம் 1,100 மடங்காகிவிடும். கண் ஆரத்தைப் பார்ப்பதில்லை, வண்ணம் அடித்த பரப்பைத்தான் பார்க்கிறது. வர்க்கமூலம் எடுத்தால் காயத்தின் ஆரம் 1.7 செ.மீ. வருகிறது, மற்றவைக்கு 3.4. நைட்டிங்கேல் பரப்பளவில்தான் கணக்கு வைத்தார். மூன்று வண்ணமும் மையத்திலிருந்தே அளக்கப்படுகின்றன, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கப்படவில்லை என்றும் படத்திலேயே எழுதிவைத்தார். வட்டம், முக்கோணம், குடம், மூட்டை எதைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிக் காட்டினாலும் இந்த வர்க்கமூலம் வேண்டும். கால்குலேட்டரில் ஒரே பொத்தான். ஆனாலும் இன்று அச்சாகிற வட்டப் படங்களில் பல ஆரத்தில்தான் போடப்படுகின்றன. எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும் அளந்து பார்க்கலாம்.

அழகு என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சக்கரத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் உண்டு. 1855 மார்ச்சில் சுகாதார ஆணையம் போய் மருத்துவமனைகளின் சாக்கடையையும் காற்றோட்டத்தையும் சரிசெய்தது. அதற்கு முந்தைய ஒரு வருடம் வலது சக்கரம், பிந்தைய ஒரு வருடம் இடது சக்கரம். சாவு குறைந்தது பளிச்சென்று தெரிகிறது. ஆனால் இந்த ஜனவரியையும் அடுத்த ஜனவரியையும் ஒப்பிட வேண்டுமென்றால் கண் இரண்டு வட்டத்துக்கும் நடுவே அலைய வேண்டும். எண்களை வைத்துச் சாதாரணக் கோட்டுப் படமாகப் போட்டுப் பார்த்தேன். ஒப்பிடுவது எளிதாக இருந்தது. திரும்பிப் பார்க்க வைக்கும் படமாக இல்லை. அவர் கோட்டுப் படம் போட்டிருந்தால் இன்று நாம் அதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்பதும் உண்மை.

பரப்பளவுக் கணக்கு மண்டையில் ஏறிய பிறகு மேட்டூர் அணைப் படத்தைப் பழையபடி பார்க்க முடியவில்லை. ஜூன் வந்தால் தமிழ்ப் பத்திரிகைகளில் தினமும் அணை நிலவரம் வரும். ஒரு தொட்டியை வரைந்து, 120 அடியில் 100 அடிக்கு நீலம் அடித்துவிடுவது வழக்கம். பார்க்கிறவருக்கு ஆறில் ஐந்து பங்கு நிறைந்திருப்பதாகத் தோன்றும். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 100 அடியில் இருப்பது ஏறக்குறைய 65 டி.எம்.சி.தான், எழுபது சதவீதம்கூட இல்லை. அணை என்பது பள்ளத்தாக்கு. அடியில் குறுகி மேலே விரிந்து கிடக்கிறது. கடைசி 20 அடியில் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் பிடிக்கிறது. நேர்ச் சுவர் வைத்த தொட்டியாக வரைந்தால் டெல்டா விவசாயிக்குத் தப்பான நம்பிக்கை கொடுக்கிறோம். நான் செய்த மாற்றம் சின்னதுதான். தொட்டியை எடுத்துவிட்டு ஒரே நெட்டுக் கோடு. இடப்பக்கம் அடி, சம இடைவெளியில். வலப்பக்கம் டி.எம்.சி., கீழே நெருக்கமாகவும் மேலே அகலமாகவும் இல்லாமல், அதற்கு நேர் எதிராக. ஒரு டி.எம்.சி.யின் கோடுகள் கீழே தள்ளித் தள்ளி இருக்கும், மேலே போகப் போக நெருங்கும். மேலே ஓர் அடி ஏறினாலே நிறைய நீர் என்பது தானாக விளங்கும். வாசகர்களில் ஒருவர்கூட இதைக் குறிப்பிட்டு எழுதவில்லை. விளங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

டு போய்ஸ் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1900-இல் பாரிஸ் கண்காட்சிக்காக, அமெரிக்கக் கருப்பின மக்களின் வாழ்க்கையை எண்களாக வரைந்து அனுப்பியவர் கருப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ். அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து, கையால், வண்ணம் தீட்டி. அவற்றில் ஒன்று சுருளாக இருக்கும். 1890-இல் ஜார்ஜியா மாநிலத்துக் கருப்பின மக்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்ற கணக்கு அது. பெரிய நகரங்களில் 78,139 பேர், நடுத்தர ஊர்களில் 8,025, சின்ன ஊர்களில் 37,699, கிராமப்புறத்தில் 7,34,952. பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று கோடு ஒன்றோடொன்று ஒட்டி வளைந்து வந்து, கடைசியில் சிவப்பு ஒன்று ஜிலேபி போலச் சுற்றிச் சுற்றிப் போகும்.

இதை எண்ணிலிருந்து வரைய உட்கார்ந்தால் ஏன் சுருள் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நகரத்துக் கோட்டை ஓரளவு கண்ணுக்குத் தெரியும் நீளத்தில் வைத்தால் கிராமத்துக் கோடு அதைப்போல ஒன்பதரை மடங்கு. தாளை விட்டு வெளியே ஓடுகிறது. நாமாக இருந்தால் கோட்டை நடுவில் வெட்டி இரண்டு சாய்கோடு போட்டுவிடுவோம், அல்லது எல்லாவற்றையும் சுருக்கி 8,025-ஐப் புள்ளியாக்கிவிடுவோம். டு போய்ஸ் கோட்டைச் சுற்றி வைத்தார். சுருளின் நீளத்தைக் கண்ணால் அளக்க முடியாதுதான். அதற்குத்தான் எண்ணைப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். தாளுக்குள் அடங்காத அளவு பெரியது என்பதே அவர் சொல்ல வந்த செய்தி.

செல்பேசிக்கு கிராபிக்ஸ் செய்கிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். திரை அகலம் கையளவுதான், ஆனால் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். படுக்கைவசக் கோட்டை நெட்டுவசமாகத் திருப்பி, பெரிய எண்ணைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க விடுங்கள். காவிரிப் படத்தையும் பிறகு அப்படித்தான் மாற்றினோம். எல்லை மேலே, கடல் கீழே.

டு போய்ஸின் வண்ணங்களும் செய்தித்தாளுக்குத் தோதானவை. மங்கல், சாயல் எதுவும் இல்லாத கெட்டி நிறங்கள். ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறும் கிரேடியன்ட் போட்ட படம் மானிட்டரில் மின்னும், மறுநாள் காலையில் செய்தித்தாளில் சேறாகக் கிடக்கும். ஆனால் அவருக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. தமிழ்நாட்டில் வண்ணத்துக்குக் கட்சி இருக்கிறது. மழை அளவுக்குக் கருப்பும் சிவப்பும் அடுத்தடுத்துப் போட்டாலே “என்ன, தி.மு.க. கொடியா?” என்று யாராவது போன் செய்வார்கள். தேர்தல் நேரத்தில் பச்சை, மஞ்சள், காவி, நீலம் எல்லாமே பிரச்சினை. தேர்தல் இல்லாத விஷயத்துக்கு ஒரே நிறத்தின் நாலு அடர்த்தியில் வேலையை முடிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஊதாவின் பக்கம் போனால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

எழுத்து விஷயத்தில் வெளிநாட்டு டெம்ப்ளேட் எதுவும் உதவாது. ஆங்கிலத்தில் நாலெழுத்துக்கு விட்ட கட்டத்தில் கள்ளக்குறிச்சியும் திருவண்ணாமலையும் உட்கார வேண்டும். ‘கொ’, ‘னை’ எல்லாம் பக்கவாட்டில் இடம் தின்னும். மேலே இகரக் குறியும் கீழே உகரச் சுழியும் முட்டிக்கொள்ளாமல் இருக்க வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். அதனால் நான் முதலில் படத்தைப் போடுவதில்லை. வரப்போகிற பெயர்களில் மிக நீளமானதை, அச்சாகும் அளவில், தாளில் தட்டிப் பார்ப்பேன். அது எவ்வளவு இடம் கேட்கிறதோ அதை வைத்துத்தான் படத்தின் உருவமே. தனியாக ஒரு மூலையில் வண்ணக் கட்டம் போட்டு ‘நீலம் என்றால் இது’ என்று விளக்குவதையும் விட்டுவிட்டேன். மினார் எண்ணைப் பட்டையின் மேலேயே எழுதியதுபோல, பெயர் அந்தந்தக் கோட்டிலேயே ஒட்டிக்கொள்ளட்டும்.

1925-இல் வியன்னாவில் ஓட்டோ நியூராத் தொடங்கிய அருங்காட்சியகத்தில் வளர்ந்தது, எண்களைக் குறிகளால் காட்டும் ஐசோடைப் முறை. மனித உருவம், வீடு, கப்பல் என்று சின்னச் சின்னக் குறிகள். கெர்ட் ஆர்ன்ட்ஸ் வரைந்த அந்தக் குறிகளைத்தான் எல்லோரும் காப்பி அடிக்கிறார்கள். அவர்களுடைய கறாரான விதியைக் காப்பி அடிப்பதில்லை: அளவு கூடினால் குறியைப் பெரிதாக்காதே, எண்ணிக்கையைக் கூட்டு. நைட்டிங்கேலின் வர்க்கமூலத் தொல்லையே இதில் கிடையாது. இன்னொரு விஷயம், அங்கே ஆராய்ச்சியாளருக்கும் ஓவியருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். குவிந்து கிடக்கும் எண்களில் எதைச் சொல்வது, எதை விடுவது, எப்படி அடுக்குவது என்று தீர்மானிப்பவர். மரீ நியூராத் பல வருடம் அந்த வேலையைச் செய்தார். நம் பத்திரிகைகளில் அப்படி ஒரு நாற்காலி கிடையாது. நிருபர் எக்செல் ஃபைலை அனுப்புவார், “அண்ணே, ஏதாவது கிராபிக்ஸ் போட்டுடுங்க” என்பார். அப்போது நான் திருப்பிக் கேட்பது, இந்தப் படத்தைப் பார்த்த வாசகர் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்றுதான். நிருபரால் அதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் படம் பாதி முடிந்த மாதிரி. முடியாவிட்டால் அட்டவணையே மேல்.

இந்தப் பயிற்சியைச் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் எண்களை வெளிப்படையாக எழுதிவைத்திருக்கும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மினாரும் டு போய்ஸும் அதற்குத் தோது. நைட்டிங்கேலுக்கு மாத அட்டவணை தனியாகக் கிடைக்கிறது. லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் 1931-இல் வரைந்த படம் அழகானது, ஆனால் அங்கே எண் இல்லை, கோணம்தான் எல்லாம். அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் கிராஃப் தாளில் பென்சிலால் போடுங்கள், கணினி பிறகு. பெயர்கள் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுங்கள், பெரெசினா உட்பட. அப்போதுதான் இடம் எங்கே முட்டுகிறது என்று தெரியும். முடித்ததை அச்சாகிற அதே அளவில், கருப்பு வெள்ளையில், சாதாரண ஜெராக்ஸ் தாளில் ஒரு பிரின்ட் எடுத்துப் பாருங்கள். வண்ணம் இல்லாமல் புரியாத இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, அசலில் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று அதற்கப்புறம் திறந்து பார்க்கலாம்.